சனிக்கிழமை 7:12 யாருடையது?

கோல்ஃப் மட்டையை நான் முதன்முதலாகக் கையில் தொட்டபோது எனக்கு முப்பத்து நாலு வயது. அதற்கு முன்பே ஆறு வருடமாகக் கோல்ஃப் மைதானங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பெருங்குடியில் எங்களுக்குக் கீழ்மாடிக்காரர்கள் மீன்பிடிப் படகுகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சுத்த சைவம்.

சென்னையில் கோல்ஃப் இல்லாமலில்லை. நந்தனத்தில் அண்ணா சாலைப் பக்கமாகவே ஒரு மைதானம் இருக்கிறது. அந்த மதிலைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

எங்கள் சரக்குக்குப் பெயர் டீ ஷீட். குடிக்கிற டீ இல்லை. கோல்ஃபில் பந்தை முதலில் அடிக்கும் இடத்துக்கு டீ என்று பெயர். எந்தக் குழு எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதுதான் டீ டைம். ஒரு நாளின் எல்லா டீ டைமும் அடங்கிய ஏடுதான் டீ ஷீட். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு நாலு பேர். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால் 6:09, 6:18 என்று போய் மதியம் 1:57 வரை 54 நேரங்கள்; 216 பேருக்கு இடம். நேரம் கடந்துவிட்டால் அந்த இடம் போனது போனதுதான். வாழைத்தாராவது ஒரு நாள் தாங்கும்.

ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் பொது மைதானம் எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று. பணக்காரர்களின் கிளப் இல்லை. காசு கட்டினால் யாரும் ஆடலாம். அமெரிக்காவில் இருக்கும் சுமார் 16,000 மைதானங்களில் நாலில் மூன்று பங்கு இப்படிப் பொதுமக்களுக்குத் திறந்தவைதான். டிவியில் பார்த்து நாம் வைத்திருக்கும் படம் வேறு. அந்த மைதானத்தில் சனிக்கிழமை 7:12 என்றால் எப்போதும் ஒரே நாலு பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஒரு பல் டாக்டர், கூரை வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர், அப்புறம் அவருடைய மைத்துனர். பதினோரு வருடமாக அதே நேரம். நாலு பெயரும் எனக்கு மனப்பாடம். முகம் தெரியாது.

நேரத்துக்குத் தக்கபடி விலையை ஏற்றி இறக்கும் பகுதியை எங்கள் மென்பொருளில் எழுதியவன் நான். யோசனை புதிதில்லை. விமானக் கம்பெனிகள் எப்போதோ செய்துவிட்டதுதான். அதைக் கோல்ஃபுக்குப் பொருத்திப் பார்த்து, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஷெரில் கைம்ஸ் 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார். விற்ற டிக்கெட்டின் விலையை மட்டும் பார்க்காதே, விற்கக் கிடைத்த ஒவ்வொரு டீ டைமுக்கும் சராசரியாக எவ்வளவு வந்தது என்று பார் என்பது அதன் சாரம். ஆட்டம் எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்பதையும் கட்டுக்குள் வை என்று அதே அளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தார். எங்களைப் போன்றவர்கள் விலைப் பகுதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டோம். அதுதான் நிரலாக எழுத எளிது.

என் கணக்கு இப்படி: கடந்த எட்டு வாரத்தில் எந்த நேரம் சீக்கிரமாக நிரம்புகிறதோ, அந்த நேரத்துக்குக் கிராக்கி அதிகம், விலையை ஏற்று. 7:12 எட்டுக்கு எட்டும் நிரம்பியிருந்தது. அதுவும் முன்பதிவு திறந்த அதே நிமிடத்தில். தபால்காரர் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து பதிவு செய்திருப்பார் போல. கணினி 38 டாலரை 47 ஆக்கியது. பத்தாம் வாரம் ஒரு சிறிய திருநெல்வேலி அல்வா டப்பாவோடு டீம் கொண்டாடியது. அல்வா வாங்கிவந்தவனும் நான்தான்.

அங்கே கவுண்டரில் பல் டாக்டர் பணம் கட்டும்போது கேட்டாராம்: "பதினோரு வருஷம் தவறாம வந்ததுக்கு அபராதமா?"

மைதானத்தின் மேலாளர் ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். நான் ‘மேடம்’ என்றால் பிடிக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், எனக்கு வாய் வராது. அவர் போனில் இதைச் சொன்னபோது நான் வரைபடத்தைத் திறந்து காட்டி வாதாடினேன். கிராக்கி இருக்கிறது, விலை ஏறுகிறது, இதில் கோபம் எங்கே வந்தது? அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிராக்கியும் பழக்கமும் உங்க வரைபடத்துல ஒரே கலர்ல இருக்கு" என்றார்.

இரண்டு வாரத்தில் நாலு பேரும் இருபது நிமிடத் தொலைவில் இருந்த வேறொரு மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

கணக்கு டீச்சர் இல்லையா, அவரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். அந்த ஊரில் பனி விட்டு ஆடக் கிடைப்பது ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் முடிய, ஏறக்குறைய 28 சனிக்கிழமை. விலையேற்றத்தால் வரக்கூடியது ஆளுக்கு 9 டாலர், நாலு பேர், 28 வாரம்: 1,008 டாலர். அவர்கள் போனதால் விட்டது, பழைய விலையிலேயே, 4,256 டாலர். இதில் கார்ட் எனும் சின்ன வண்டியின் வாடகை, ஒன்பதாம் ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) முடிந்து திரும்பும் இடத்தில் தின்னும் ஹாட் டாக், முடிந்தபிறகு பீர் எதுவும் சேரவில்லை. இதைவிட மோசம், தபால்காரர்தான் செவ்வாய்க்கிழமை சாயங்கால லீகை, அதாவது வாராவாரம் சேர்ந்து போட்டி ஆடும் கூட்டத்தை, நடத்துபவர். முப்பத்திரண்டு பேர். லீகும் அவரோடு கிளம்பிப் போய்விட்டது.

ஆனால் என் அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஏனென்றால் 7:12 காலியாக இருக்கவில்லை. ஏதோ ஒரு முன்பதிவுத் தளத்தில் கடைசி நேரத் தள்ளுபடிக்கு வேறு யாரோ வந்து நிரப்பினார்கள். இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர். இடம் நிரம்பியதா? நிரம்பியது. தூறல் போட்டால் அவர்கள் வர மாட்டார்கள் என்பதற்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

இந்தத் தள்ளுபடித் தளங்களின் கதையைச் சொன்னால்தான் மைதானக்காரர்கள் ஏன் இவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள் என்று புரியும். 1980-களின் கடைசியில் அமெரிக்கக் கோல்ஃப் துறை, வரப்போகும் கூட்டத்துக்கு நாளைக்கு ஒரு மைதானம் வீதம் திறந்தாக வேண்டும் என்று பேசியது. கட்டினார்கள். வீட்டுமனை விற்பதற்காகவே நடுவில் ஒரு மைதானத்தைப் போட்ட கதை நிறைய. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2006-ல் தொடங்கி பல வருடங்களுக்குத் திறந்ததைவிட மூடியதே அதிகம். அந்தக் காலத்தில்தான் கோல்ஃப்நவ் போன்ற தளங்கள் வளர்ந்தன. 2008-ல் கோல்ஃப்நவ்வை கோல்ஃப் சேனல் என்ற டிவி நிறுவனம் வாங்கியது. அவர்களுடைய ஏற்பாட்டில் பரவலாகிப்போன ஒன்று பண்டமாற்று. மென்பொருளுக்கு நீ காசு தர வேண்டாம், தினமும் ஒன்றிரண்டு டீ டைம் எங்களுக்குக் கொடு, நாங்கள் விற்றுக்கொள்கிறோம். கையில் காசில்லாத மைதானத்துக்கு இது கடவுளே வந்த மாதிரி. காலியாகக் கிடப்பதைத்தானே கொடுக்கிறோம் என்று நினைத்தார்கள்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு நேரத்தைத் தளம் தன் இஷ்டத்துக்கு விலை போட்டு விற்கிறது. பக்கத்திலேயே மைதானம் தன் விலையில் விற்கிறது. பார்ப்பவனுக்கு எது ‘உண்மையான’ விலை? குறைந்ததுதான். அதோடு, வந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் முதலில் போய்ச் சேர்வது அந்தத் தளத்துக்கு. உங்கள் கடைக்கு வந்து சாப்பிட்டவரிடம் அடுத்த வாரம் பக்கத்துக் கடையைப் பற்றிச் சொல்ல ஒரு ஆளை நீங்களே வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். மைதானக்காரர்கள் இதைப் பல வருடமாகப் புலம்புகிறார்கள், நியாயம்தான். ஆனாலும் காலி நேரத்தை விற்கத் துப்பில்லாத மைதானத்துக்கு அந்தத் தளம் கூட்டம் கொண்டுவந்தது என்பதும் உண்மை. நான் இரண்டு பக்கமும் கூலி வாங்கியவன், அதனால் தீர்ப்பு சொல்வதாக இல்லை.

என் அடுத்த சாதனையையும் சொல்லிவிடுகிறேன்.

லாயல்டி, அதாவது வாடிக்கையாளர் விசுவாசம், என்று எங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் சொன்னதற்கு அர்த்தம், தானாகப் போகும் மின்னஞ்சல். 45 நாள் வராதவருக்கு "உங்களைக் காணோமே!" என்று ஒரு கடிதமும் 15 சதவீதத் தள்ளுபடியும். பெருங்குடியில் உட்கார்ந்து எழுதினேன், சோதித்தேன், டிசம்பரில் ஏற்றிவிட்டேன். ஜனவரி நடுவில் ஓஹாயோவின் அந்த ஊரில் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே இரவில் கடிதம் போயிற்று. மைதானம் முழங்கால் அளவு பனியில் கிடந்தது. 45 நாளாக வராதவர்கள் என்று பார்த்தால் ஊரே வரவில்லை. ஒருவர் தன் வீட்டு வாசலில் பனி அள்ளும் மண்வெட்டியைப் படம் எடுத்து அனுப்பி, "இது எத்தனாம் நம்பர் மட்டை?" என்று கேட்டிருந்தார்.

மேலாளர் கோபப்படவில்லை. பதில் எழுதியவர்கள் எல்லோருக்கும் தன் கைப்பட, பனி உருகியதும் வாருங்கள், ஒரு கூடை பயிற்சிப் பந்து என் கணக்கில் என்று எழுதினார். என் தானியங்கிக் கடிதத்தைவிட அந்தப் பதில்கள்தான் வேலை செய்தன என்பதை அவர் சொல்லவில்லை. ஏப்ரலில் நான் கணக்கெடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

2022-ல் ஆறு வாரம் அங்கே போனேன். அதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. கொரோனாவில் எல்லாம் மூடியபோது திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நின்று ஆடக்கூடிய விளையாட்டு இது ஒன்றுதான் போல. 2020-ன் வசந்தத்தில் பல மாநிலங்களில் மைதானங்கள் மூடிக் கிடந்தும், அந்த வருடம் ஆடப்பட்ட ஆட்டங்கள் 2019-ஐவிட ஏறக்குறைய 14 சதவீதம் அதிகம். தள்ளுபடி கேட்டவர்கள் இப்போது இடம் கேட்டார்கள்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். முதல் டீ பக்கத்தில் மரத்தால் ஒரு சின்னக் கூண்டு, நம் ஊர் ரேஷன் கடை ஜன்னல் அளவுக்கு. அதில் ஸ்டார்ட்டர் உட்கார்ந்திருந்தார். குழுக்களை நேரத்துக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை. எழுபது தாண்டியவர், பெரிய சம்பளம் கிடையாது; வாரத்தில் சில காலை வேலை பார்த்தால் மற்ற நாளில் இலவசமாக ஆடிக்கொள்ளலாம். பல பொது மைதானங்களில் இதுதான் நடைமுறை. காதில் ஒரு கட்டைப் பென்சில், பின்னால் ரப்பர் இல்லாதது. கோல்ஃபில் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மடியில் நாங்கள் கொடுத்த டேப்லெட். அதன்மேல் ஒரு காகித அட்டை.

அட்டையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பெயர் பெயராக, பக்கத்தில் குறிப்பு. ‘மகளுக்குக் குழந்தை, மே.’ ‘இடது முட்டி, கார்ட் கொடு.’ ‘இவரை அவரோடு சேர்க்காதே.’ ஒருவருக்கு எதிரில் வெறுமனே ‘மெதுவாகப் பேசு’. வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, கார்ட் சாவியை நீட்டினார். எங்கள் மென்பொருளில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். "அதுல போட்டா ஆபீஸ்ல எல்லாரும் பார்ப்பாங்களே, முட்டி அவரோடது" என்றார்.

எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டர் என்னைப் பார்த்ததும் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார். ஒருநாள் கூட நான் அதை எழுதிக்கொடுத்ததில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் ஹோலிலிருந்து நனைந்துகொண்டே திரும்பிய ஒரு குழுவுக்கு மேலாளர் மழைச் சீட்டு எழுதிக்கொடுத்தார். கட்டிய பணத்துக்கு இன்னொரு நாள் வந்து ஆடலாம். அப்போது வேறொருவர் பர்ஸிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து நீட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது, தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது, அடியில் 30 நாளுக்குள் என்று அச்சடித்திருந்தது. மேலாளர் அதை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, "போன தடவை எத்தனாம் ஹோல்ல விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: கொசுறு. காய்கறிக்கடையில் கடைசியாகப் பைக்குள் விழும் கறிவேப்பிலை. அதைப் பத்து வாங்கினால் பதினொன்றாவது இலவசம் என்று அட்டை போட்டு முத்திரை குத்தினால் அது சம்பளமாகிவிடும். கொடுக்காவிட்டால் சண்டை வரும்.

முத்திரை அட்டையே பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2006-ல் வெளியான ஒரு ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கார் கழுவும் கடை ஒன்றில் பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை, மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம் போட்டு இரண்டில் ஏற்கனவே முத்திரை குத்திய அட்டை. கழுவ வேண்டியது இருவருக்கும் எட்டுத் தடவைதான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34. அழகான வித்தை. நாங்களும் காப்பியடித்தோம். ஆனால் கார் தானே அழுக்காகிறது. கோல்ஃபுக்குச் சனிக்கிழமை நாலரை மணி நேரம் வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும், கூட மூன்று பேர் வேண்டும். ஒருவரின் அட்டையில் முத்திரை ஏறுவதால் மற்ற மூவர் எழுந்து வர மாட்டார்கள். நாலு பேரில் போன் செய்து சேர்ப்பவர் ஒருவர் இருப்பார். மைதானத்துக்கு உண்மையில் வாடிக்கையாளர் அவர்தான். எங்கள் தரவுத்தளத்தில் அவரைத் தனியாக அடையாளம் காட்டும் ஒரு நெடுவரிசை ஆறு வருடமாக இல்லை.

கூட்டம் பொங்கி வழியும் இடங்களில் கேள்வி வேறு மாதிரி திரும்புகிறது: இருக்கும் நேரத்தை யாருக்குக் கொடுப்பது? நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் 2002-லும் 2009-லும் கோல்ஃபின் யு.எஸ். ஓப்பன் போட்டி நடந்தது. அது அரசுப் பூங்காவில் இருக்கும் பொது மைதானம். முந்தின நாள் இரவே காரில் வந்து, எண் போட்ட இடத்தில் நிறுத்தி, உள்ளேயே தூங்கி விடிகாலையில் நேரம் வாங்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் குலுக்கல். உலகமே ஆடத் துடிக்கும் அந்தப் புல்லில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு நடந்துபோவார்கள். ஊரோடு உறவு வைத்திருப்பது இப்படித்தான் என்று எனக்குப் படும், ஆனால் இதை எந்த மார்க்கெட்டிங் ஆளும் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியாது.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இன்னும் கசப்பு. நகராட்சி மைதானங்களின் நேரங்கள் திறந்த சில நொடிகளில் காணாமல் போயின. தரகர்கள் அள்ளிக்கொண்டு அரட்டைச் செயலிகளில் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2024-ல் இது வெடித்து, நகரம் ஆளுக்கு 10 டாலர் திரும்பக் கிடைக்காத முன்பணம் என்று கொண்டுவந்தது. தத்கால் டிக்கெட்டில் நாம் பார்க்காததா. அங்கே காலங்காலமாக ஆடிவந்த கிழவர்களின் கை, நொடிக்கணக்கில் நடக்கும் இந்தப் போட்டிக்கு லாயக்கில்லை.

ஓஹாயோவிலிருந்து திரும்பியதும் நானும் மேலாளரும் ஒரு சின்ன வசதியைச் சேர்த்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, காகித ஏடு இருந்த காலத்தில் எல்லா மைதானத்திலும் இருந்ததுதான். நிலையான நேரம். ஒரு குழு பருவம் முழுவதற்கும் ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். விலை பருவத் தொடக்கத்தில் போட்டதுதான், ஏறாது. வியாழக்கிழமை மதியத்துக்குள் வரவில்லை என்று சொன்னால் நேரம் பொதுவுக்குப் போகும். சொல்லாமல் மூன்று தடவை கைவிட்டால் உரிமை போய்விடும். போன் செய்து ஆள் சேர்ப்பவரின் பெயர் ஏட்டில் தடித்த எழுத்தில் வரும். விலை ஏற்றி இறக்குவதை மதியத்துக்கு மேல் மட்டும் வைத்தோம். அங்கே காற்றாட வருபவர்களுக்கு அது பிரச்சினையில்லை, மலிவு என்று சந்தோஷப்பட்டார்கள்.

எங்கள் விற்பனைப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. காலை நேரங்களைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டதாக இன்றைக்கும் சொல்வார்கள். பருவத் தொடக்கத்திலேயே பணம் வந்துவிடுகிறது, மழை நாளிலும் ஆள் வருகிறது என்று நான் காட்டினால், எல்லா மைதானத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தாது. சுற்றுலா ஊர் ஒன்றில், இன்றைக்கு வந்தவர் வாழ்நாளில் திரும்பி வரப்போவதில்லை என்ற இடத்தில், என் பழைய கணக்கே சரி.

மேலாளர் தபால்காரருக்குப் போன் செய்தார். கடிதம் போடவில்லை, முப்பது வருடம் கடிதம் சுமந்தவருக்கு அது எடுபடாது என்றார். முதலில் அவர் பிடிகொடுக்கவில்லை. லீக் வராது, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். அதுவும் சரிதான். லீக் இன்றுவரை வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. அங்கே காலை 7:12 என்றால் நமக்கு மாலை 4:42. வீட்டில் சொஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினியில் அந்த மைதானத்தின் ஏட்டைத் திறந்து வைத்திருந்தேன். வேலை ஒன்றுமில்லை, சும்மாதான். 7:12-க்கு எதிரில் தபால்காரர் பெயர் தடித்த எழுத்தில். பல் டாக்டர். கான்ட்ராக்டர். நாலாவது கட்டத்தில் மைத்துனர் பெயர் இல்லை. ‘விருந்தினர்’ என்று இருந்தது. 4:36-க்கு முதல் பெயர் பச்சையானது, பிறகு ஒவ்வொன்றாக மற்ற மூன்றும். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அது ஸ்டார்ட்டரின் அட்டையில் இருக்கும்.